புல்லு வெட்டுற மெசினும் என்ரை மனுசியும்

இதிலை இரும் தம்பி, இரும். காலை நீட்ட இடம் இருக்கு. தமிழ்ப் பிள்ளை எண்டு முகத்தைப் பாத்தவுடனை விளங்கிச்சுது. காதிலை கொழுவியிருக்கிறதை ஒருக்காக் கழட்டுமன். பாட்டு எங்கையும் ஓடிப்போகாது, பிறகும் கேக்கலாம்.

நான் பிரம்டனிலை பெரிய மகள் வீட்டுக்குப் போயிட்டு வாறன். ஏஜாக்ஸுக்குப் போகவேணும். இன்னும் எத்தினை பஸ் மாறவேணுமோ தெரியாது. பிரம்டனுக்கு வரேக்கை இளைய மருமகன் காரிலை கொண்டுவந்து விடமாட்டாராம். "நீங்கள் இப்ப அங்கை போகாதேங்கோ மாமா" எண்டார். போகாதேங்கோவாம்! என்ரை மனுசியை நான் பாக்கிறதுக்கு அவரிட்டைப் பாஸ் எடுக்கவேணும்.

ஊரிலை நான் பஸ் டிப்போவிலை வேலை. ரைம்கீப்பர். பஸ் எப்ப வெளிக்கிட்டது, எப்ப திரும்பி வந்தது எண்டு எழுதுறது. அதாலை மெசின் எண்டால் எனக்கு அத்துப்படி. சிரிக்காதையும். வாழ்க்கை முழுக்க எஞ்சினுக்குப் பக்கத்திலை இருந்து புகை குடிச்ச மனுசனுக்கு எஞ்சின் தெரியாதோ?

இதை ஏன் சொல்லுறன் எண்டால், இப்ப வீட்டிலை எல்லாரும் சேர்ந்து எனக்கு மெசின் தெரியாது எண்டு முடிவெடுத்திட்டினம். மருமகன், மகள், பக்கத்து வீட்டுக்காரன், கடைசியிலை என்ரை மனுசியும். எல்லாம் ஒரு புல்லு வெட்டுற மெசினாலை. நீர் கேளும். கேட்டுப்போட்டு ஆரிலை பிழை எண்டு நீரே சொல்லும்.

நாங்கள் இருக்கிறது ஏஜாக்ஸிலை இளைய மகளோடை. வீட்டுக்கு முன்னாலை ஒரு துண்டுப் புல்லு, பின்வளவிலை நீளத்துக்குப் புல்லு. பின்வளவு வீட்டிலையிருந்து கீழை சரிஞ்சு போகும். அடியிலை வேலி. வேலிக்கரையிலை என்ரை மனுசி பூரணம் மிளகாயும் கத்தரியும் வைச்சிருக்கிறா. இந்த வருசம் பனி உருகினவுடனை மருமகன் பிரதீபன் புது மெசின் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தார். பெற்றோல் மெசின். சிவப்பு நிறம். வடிவான சாமான், பொய் சொல்லக்கூடாது.

பிரதீபன் நல்ல பெடியன். ஆனால் கதை கனக்க. மெசினைக் காரிலையிருந்து இறக்கின கையோடை எனக்கு வகுப்பெடுக்கத் துவங்கிட்டார்.

"மாமா, பிடியோடை சேர்த்து இந்தக் கம்பியையும் அமத்திப் பிடிக்கவேணும். அப்பதான் எஞ்சின் ஓடும். கையை விட்டால் உடனை நிண்டிடும்."

"ஏன் நிக்கவேணும்?"

"நீங்கள் தற்செயலா விழுந்திட்டால், மாமா..."

"நான் ஏன் விழப்போறன்?"

அவர் குனிஞ்சு மற்றப் பிடியைக் காட்டத் துவங்கிட்டார். பாத்தீரோ? ஒரு கேள்வி கேட்டால் கதையை மாத்திறார். படிச்ச பெடியன்.

பக்கத்திலை இன்னொரு பிடி. அதை அமத்தினால் மெசின் தன்ரை பாட்டிலை முன்னுக்குப் போகும், நாங்கள் பின்னாலை நடந்தால் சரி. சில்லு ஒவ்வொண்டுக்கும் கிட்ட ஒரு சின்னப் பிடி. அதை மேலை கீழை மாத்தினால் புல்லு வெட்டுற உயரம் கூடிக் குறையும். வெட்டின புல்லு வெளியிலை வாறதுக்குப் பக்கத்திலை ஒரு வாய், அதுக்கு மேலை ஒரு பிளாஸ்ரிக் மூடி. இவ்வளவும்தான் மெசின். இதுக்கு அவர் ஒரு தடிச்ச புத்தகத்தையும் கையிலை தந்தார். நான் அதைக் கொண்டுபோய்ச் சாமியறைக்குள்ளை வைச்சன். சாமானோடை வாற புத்தகம் சாமான் தெரியாத ஆக்களுக்கு.

புத்தகம் படிக்கிற ஆளைப் பாக்கவேணுமெண்டால் பக்கத்து வீட்டிலை இருக்கிறான். ஸ்ரீவத்சன் எண்டு பேர். இந்தியாக்காரன், மெட்ராஸ். கொம்பியூட்டர் வேலை. என்னைக் காணேக்கை எல்லாம் சார், சார், சார். அவன் புல்லு வெட்டுறதை நீர் ஒருக்காப் பாக்கவேணும் தம்பி. கலியாண மாப்பிள்ளை கூட அவ்வளவு நேரம் உடுத்து வெளிக்கிடமாட்டான். நீளக் காற்சட்டை, தடிச்ச சப்பாத்து, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு ரெண்டு கிண்ணம் கவிட்டமாதிரி ஒண்டு. சந்திரனுக்கு வெளிக்கிடுறான் எண்டு நினைப்பீர். பிறகு வளவு முழுக்கக் குனிஞ்சு குனிஞ்சு நடந்து கல்லுப் பொறுக்குவான், குச்சி பொறுக்குவான், பிள்ளையளின்ரை விளையாட்டுச் சாமான் பொறுக்குவான். பிறகு ஓயில் பாப்பான். பிறகு புல்லைக் கையாலை தடவிப் பாப்பான், ஈரமோ காய்ஞ்சதோ எண்டு. மாட்டுக்கு நோய் பாக்கிறவன் மாதிரி. இவ்வளவும் முடிஞ்சு அவன் கயிறை இழுத்து எஞ்சினை எழுப்பேக்கை நான் என்ரை வளவு முழுக்க வெட்டி முடிச்சுப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருப்பன்.

நான் சாறமும் செருப்பும்தான். காத்துப்படவேணும், என்ன?

ஒருநாள் வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்துச் சொல்லுறான், "சார், ஸ்லிப்பர் வேண்டாம் சார். ஷூ போட்டுக்கோங்க. ப்ளேடு ரொம்ப ஸ்பீடா சுத்தும்."

"தம்பி, டிப்போவிலை நான் செருப்போடைதான் வேலை செய்தனான்."

"டிப்போவில நீங்க மெக்கானிக்கா சார்?"

"ரைம்கீப்பர்" எண்டன்.

ஓ எண்டான். அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கேல்லை தம்பி.

அடுத்த கிழமை திரும்பவும் வந்தான். "சார், ப்ளேடை ரொம்ப இறக்கி வெச்சிருக்கீங்க. புல் காஞ்சிடும். மேல மூணுல ஒரு பங்கு மட்டும் வெட்டினா போதும் சார். ரெண்டு பங்காவது விட்டுவைக்கணும்."

"நீர் சலூனுக்குப் போய் ஒரு பங்கு மயிரை வெட்டு, மிச்சத்தை விடு எண்டோ சொல்லுறனீர்?" எண்டு கேட்டன். தன்ரை புல்லை வெட்டப் போயிட்டான். நான் உயரத்தை அடிமட்டத்துக்கு இறக்கித்தான் வைச்சனான். ஏன் தெரியுமோ? ஒருக்கா அடியோடை வெட்டினால் அடுத்த கிழமை வெட்டத் தேவையில்லை. மூளை வேணும். ஒரு பக்கத்துச் சில்லை மாத்தினன், மற்றப் பக்கம் மாத்த மறந்துபோனன் போலை கிடக்கு. அதாலை வளவு ஒரு பக்கம் மொட்டையும் ஒரு பக்கம் குடுமியுமா நிண்டுது. பிறகு மொட்டைப் பக்கம் மஞ்சளாப் போச்சுது. அது வெய்யில். இந்த நாட்டு வெய்யிலைப் பற்றி ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது.

சரி. இனித்தான் விசயத்துக்கு வாறன்.

அந்தக் கம்பி இருக்கெல்லோ, அமத்திப் பிடிச்சுக்கொண்டே நிக்கவேணும் எண்டு. ரெண்டு சுத்துச் சுத்த எனக்குப் பெருவிரல் மரத்துப்போகும். அதோடை பாரும், ரெலிபோன் அடிச்சால் எடுக்க ஏலாது. மூக்கைச் சொறிய ஏலாது. கையை எடுத்தால் நிண்டிடும். திரும்பக் கயிறை இழு, இழு, இழு. இது என்ன மெசின்? மனுசனிலை நம்பிக்கை இல்லாத மெசின். ஊரிலை ஒரு பஸ்ஸை டிரைவர் ஸ்ரீயரிங்கை விட்டவுடனை நிக்கிறமாதிரிச் செய்தால் ஆராவது ஏறுவினமோ?

நான் என்ன செய்தன், கம்பியையும் மற்றப் பிடியையும் சேர்த்து இறுக்கிக் கட்டிப்போட்டன். அந்த நேரம் கயிறு கிடைக்கேல்லை. பூரணம் வீட்டிலை உடுத்துற ஹவுஸ்கோட் கொடியிலை காயுது, அதின்ரை நாடாவை உருவி எடுத்துக் கட்டினன். நல்ல தடிச்ச நாடா. டிப்போவிலை ரயர் கட்டுறவங்கள் போடுற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

தம்பி, அதுக்குப் பிறகு வந்த ஒரு மாசம் எனக்கு ராசா வாழ்க்கை! மெசின் தன்ரை பாட்டிலை போகும். நான் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நடப்பன், நல்ல பசுவோடை நடக்கிறமாதிரி. ஒரு கையிலை தேத்தண்ணி. கரையிலை போய்த் திருப்பி விட்டால் சரி. றோட்டாலை போற வெள்ளைக்காரர் காரை மெல்லமாக்கிப் பாத்துக்கொண்டு போவினம். ஒரு கிழவி கையைக் கூடக் காட்டினவ. உயரம் மாத்தவேணுமெண்டால் எஞ்சின் ஓடேக்கையே குனிஞ்சு மாத்துவன். புல்லு அடைச்சுப்போட்டுதெண்டால் ஒரு தடியை வாய்க்குள்ளை விட்டுக் கிண்டுவன். தடியை மெசின் தின்னும். தின்னட்டும், இன்னொரு தடி எடுப்பன். அந்தப் பிளாஸ்ரிக் மூடி கிண்டிறதுக்கு இடைஞ்சல் எண்டு அதையும் கழட்டி எறிஞ்சுபோட்டன்.

நான் தடி விட்டுக் கிண்டுறதை வத்சன் ஒருநாள் கண்டிட்டான். என்ன குழறு குழறினான்! "சார்! ஆஃப் பண்ணுங்க சார்! நிறுத்திட்டு ப்ளக் வயரைக் கழட்டிட்டுத்தான் கையைக் கிட்டக் கொண்டு போகணும் சார்!"

"நான் கையே விடுறன்? தடிதானே விடுறன்!"

அண்டைக்குப் பின்னேரம் அவன் மருமகனிட்டைச் சொல்லியிருக்கிறான். கோள். ஆம்பிளை செய்யிற வேலையோ அது? மருமகன் வந்து கட்டை அவிட்டுப்போட்டு, "மாமா, கடவுளே எண்டு இதைக் கட்டாதேங்கோ" எண்டார். சரி எண்டன். அவர் வேலைக்குப் போனாப்பிறகு திரும்பக் கட்டினன். அவர் போறது பகல் வேலை, அதாலை கரைச்சல் இல்லை.

பூரணமும் ஒருக்காச் சொன்னவதான். அவ கனக்கக் கதைக்கிற ஆள் இல்லை. ஹவுஸ்கோட்டை ஒரு ஊசியாலை குத்திக்கொண்டு படியிலை நிண்டு, "இஞ்சேருங்கோ, அந்த நாடாவைத் தாங்கோ" எண்டா.

"புதுசு ஒண்டு வாங்கித் தாறன்."

"நாடாவுக்குக் கேக்கேல்லை நான்."

"பின்னை என்னத்துக்குக் கேக்கிறீர்?"

உள்ளுக்குப் போயிட்டா. இப்பிடித்தான். சொல்லவந்ததை முழுசாச் சொன்னால் தானே தம்பி மனுசருக்கு விளங்கும்?

இதுக்கிடையிலை வத்சன் வீட்டுக் கண்ணாடிக் கதவிலை ஒரு வெடிப்பு. மெசின் எறிஞ்ச கல்லாம். நான் அந்தப் பக்கம் வெட்டிக்கொண்டு போனதென்னவோ உண்மைதான். ஆனால் கல்லு எறிஞ்சது மெசின்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அணிலாயும் இருக்கலாம். இந்த நாட்டு அணில் எங்கடை அணிலோ? பூனைத் தண்டி. நான் இதைச் சொல்ல, மகள் என்னைப் பாத்த பார்வை இருக்கே. பெத்த தகப்பனை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. மகளும் மருமகனும் சாமான் வாங்கப் போயிட்டினம். பூரணம் வேலிக்கரையிலை மிளகாய் பிடுங்கிக்கொண்டு நிக்கிறா. இளையவளின்ரை பிள்ளை, என்ரை பேத்தி, அவவுக்குக் கிட்ட, சின்னப் பிளாஸ்ரிக் தொட்டி ஒண்டிலை தண்ணி விட்டு அதுக்குள்ளை இருந்து விளையாடுது. நீலத் தொட்டி, மீன் படம் போட்டது. நான் மேலை வீட்டுக்கரையிலை வெட்டிக்கொண்டு நிக்கிறன். அண்டைக்கு முதல்நாள் மழை. புல்லு ஈரம். அதுக்கென்ன, ஈரமெண்டால் தூசி பறக்காது.

அந்த நேரம் பாத்து, தன்ரை வளவிலை குச்சி பொறுக்கிக்கொண்டு நிண்ட வத்சன் கையுறையோடை பக்கத்து வேலிக்கு வந்தான். கண்ணாடிக் கதவைப் பற்றிக் கதைக்க. நல்ல மரியாதையாத்தான் கதைச்சான், சார் சார் எண்டு. மரியாதையாக் கதைக்கிறவனோடை சண்டை பிடிக்கிறது பெரிய கரைச்சல் தம்பி. நான் வேலிப்பக்கம் திரும்பி நிண்டு அவனுக்கு அணிலைப் பற்றி விளங்கப்படுத்துறன். கையாலை அளவு காட்டுறன்.

அவன் என்னைப் பாக்கேல்லை. எனக்குப் பின்னாலை பாக்கிறான்.

"சார், மெஷின்."

"மெசினுக்கென்ன?"

"போகுது சார்!"

"போகத்தானே வேணும்!"

"சார், குழந்தை!"

திரும்பிப் பாத்தன். மெசின் சரிவிலை இறங்குது. ஈரப் புல்லு, சறுக்கிக்கொண்டு இறங்குது. நான் நடக்க விடுற வேகம் இல்லை அது. பேத்தி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்குது. அந்தச் சத்தம் அதுக்குப் பழகின சத்தம். தாத்தா புல்லு வெட்டுறார், அவ்வளவுதான் அதுக்கு.

நான் கத்தினன். ஓடினன். செருப்பு வழுக்கி விழுந்திட்டன்.

பூரணம் நிமிர்ந்தா. தம்பி, என்ரை மனுசிக்கு முழங்கால் வருத்தம். படி ஏறுறதெண்டால் ஒவ்வொரு படியா நிண்டு நிண்டு ஏறுறவ. எப்பிடி ஓடினவ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஒரு கையாலை பிள்ளையைத் தூக்கி மிளகாய்ப் பாத்திக்குள்ளை எறிஞ்சுபோட்டு, மற்றக் கையைக் குத்தி விழுந்தா. மெசின் தொட்டியிலை ஏறிச்சுது.

நீலத் துண்டுகள் பறந்துது. ஒரு சத்தம் கேட்டுது, அதை என்னெண்டு சொல்லுறது... சரி, அதை விடும். மலிவான தொட்டி. புதுசு வாங்கிக் குடுத்திட்டன். பிள்ளை அதுக்குள்ளை இறங்குதில்லை. பழையதின்ரை துண்டுகள் இப்பவும் மிளகாய்ப் பாத்திக்குள்ளை கிடக்கு. நான் அந்தப் பக்கம் பாக்கிறேல்லை. வெய்யில்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தன்? ஓம். மெசின் வேலியிலை முட்டிக்கொண்டு நிண்டு கத்துது. சில்லு மண்ணைக் கிளப்புது. வத்சன் வேலிக்கு மேலாலை பாய்ஞ்சு ஓடிவந்து நாடாவை இழுக்கிறான். அவிழுமே? நான் கட்டின முடிச்சு. "அது இறுக்கித்தான் கட்டியிருக்கிறன்" எண்டு நான் விழுந்த இடத்திலையிருந்தே சொன்னன். அவன் ஒரு பேச்சுப் பேசினான் தம்பி. மெட்ராஸ் பேச்சு. அதிலை சார் இல்லை. பிறகு கையுறை போட்ட கையாலை ப்ளக் வயரை இழுத்துப் பிடுங்கினான். நிண்டுது.

பேத்தி மிளகாய்ப் பாத்திக்குள்ளை இருந்து அழுது. ஒரு கீறல் இல்லை அதுக்கு. பூரணத்தின்ரை மணிக்கட்டு மற்றப் பக்கமாத் திரும்பி நிக்குது.

நான் எழும்பிப் போய், "உம்மை ஆர் ஓடச் சொன்னது?" எண்டு கேட்டன்.

பயத்திலை கேட்டது தம்பி. அது ஆருக்கு விளங்குது? மகள் அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள் இண்டைக்கு வரைக்கும். மகள் அங்கை இல்லவே இல்லை. வத்சன்தான் சொல்லியிருக்கிறான். சொன்னனே, கோள்.

அம்புலன்ஸ் வந்துது. நானும் ஏறினன். சாறத்தோடை, ஒற்றைச் செருப்போடை, கால் முழுக்கப் புல்லு. ஆஸ்பத்திரியிலை ஒரு நேர்ஸ். அந்தப் பிள்ளை பூரணத்தின்ரை பேரைக் கேட்டுது, வயசைக் கேட்டுது. பிறகு என்னை மேலை கீழை பாத்துப்போட்டு, "இவர் உங்களுக்கு ஆர்?" எண்டு அவவிட்டைக் கேட்டுது.

பூரணத்துக்கு இங்கிலிஸ் வராது. டொக்டரிட்டைப் போனால் நான்தான் கதைக்கிறது. அதாலை நான் வாயைத் திறக்கிறன். அதுக்கு முதல் அவ சொன்னா, "நெய்பர்."

பக்கத்து வீட்டுக்காரராம்.

நான் சிரிச்சன். நேர்ஸ் சிரிக்கேல்லை. சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளுக்கு நிக்கலாம் எண்டு என்னை வெளியிலை அனுப்பிச்சுது. மூண்டு பிள்ளை பெத்து, ஒண்டைச் சாகக் குடுத்து, கப்பலேறி, முகாமிலை இருந்து, இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்த மனுசன் வெளியிலை வாங்கிலை இருக்கிறன். உள்ளுக்கு வத்சன் நிக்கிறான். அவன் காரிலை பின்னாலை வந்தவன், பேத்தியைத் தூக்கிக்கொண்டு. அவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நீளக் காற்சட்டை போட்டிருந்தவன் எல்லோ.

அது ஊசி மயக்கத்திலை சொன்னது எண்டுதான் நான் எல்லாருக்கும் சொன்னன். நோவுக்கு ஊசி போடுறவை, அது மண்டைக்குள்ளை ஏறினால் ஆக்களை மாறிச் சொல்லும். ஊசி அதுக்குப் பிறகுதான் போட்டது எண்டு மகள் சொல்லுறாள். அது அவள் சொல்லுறது.

அடுத்தநாள் பெரிய மகள் வாசுகி பிரம்டனிலையிருந்து வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போயிட்டாள். கை சுகமாகுமட்டும் எண்டாள். சரி, நல்லதுதான் எண்டன். நான் ஒவ்வொருநாளும் ரெலிபோன் எடுப்பன். "அம்மா குளிக்கிறா அப்பா." பின்னேரம் எடுப்பன். "அம்மா குளிக்கிறா." தம்பி, என்ரை மனுசி அப்பிடிக் குளிக்கிற ஆள் இல்லை.

ஏஜாக்ஸிலை மெசினையும் எடுத்துப்போட்டினம். வத்சன்ரை கராஜுக்குள்ளை வைச்சுப் பூட்டியிருக்கு. எங்கடை வளவையும் இப்ப அவன்தான் வெட்டுறான். ஒரு சதம் வாங்குறானில்லை, அதுதான் எனக்குக் கூடக் கோவம். உயரத்தைக் கூட்டி வைச்சு வெட்டுறான். இப்ப புல்லு பச்சைப்பசேல் எண்டு கிடக்கு. இந்த முறை மழை கூட, அதாலை.

மருமகன் முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. மகள் சாப்பாட்டை மேசையிலை வைச்சுப்போட்டுப் போறாள். பேத்தி மட்டும் வரும். வந்து, "தாத்தா, இனிப் புல்லு வெட்டமாட்டியளோ?" எண்டு கேக்கும். மாட்டன் எண்டு சொன்னால்தான் மடியிலை இருக்கும். பிள்ளையின்ரை மனசிலை என்னத்தைப் போட்டு வைச்சிருக்கினம் பாத்தீரோ?

கோடை முழுக்கப் போச்சுது இப்பிடியே. கைக்கட்டு வெட்டியாச்சாம் எண்டு போன கிழமை கேள்விப்பட்டன். அதுவும் ஒருத்தரும் சொல்லேல்லை, மகள் ரெலிபோனிலை கதைக்கேக்கை கேட்டது. கட்டு வெட்டினால் வீட்டை வரத்தானே வேணும்? வரேல்லை. சரி, நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு விடியவே எழும்பி, அவவின்ரை பாத்தியிலை காய்ச்ச கத்தரிக்காய் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு வெளிக்கிட்டன். பாத்திக்குத் தண்ணி விட்டது நான்தான். அதையும் ஒருத்தரும் காணேல்லை.

ஒருவழியா வாசுகி வீட்டு றோட்டுக்கு வந்து சேர்ந்தன். தூரத்திலையே கேக்குது, மெசின் சத்தம். அவள் வீட்டு முன் புல்லிலை ஆரோ வெட்டினம். கட்டையான ஆள். நீளக் காற்சட்டை, சப்பாத்து, கண்ணாடி, காதிலை அந்தக் கிண்ணம். வேலைக்கு ஆள் பிடிச்சிருக்கிறாள் எண்டு நினைச்சன். கிட்டப் போனன். பின்னாலை கொண்டை தெரியுது.

என்ரை மனுசி, தம்பி. காற்சட்டையோடை.

பெரிய மருமகன்ரை பழைய காற்சட்டையாக்கும், அடியை மடிச்சு விட்டிருந்தவ. முறிஞ்ச கையும் சேர்த்து, ரெண்டு கையாலையும் அந்தக் கம்பியை அமத்திப் பிடிச்சிருக்கிறா. இவ்வளவு வருசத்திலை ஒரு மிக்சியைக் கூட என்னைக் கேட்டுத்தான் போடுவா. மெல்லமா, நேர்கோடாப் போறா. கரையிலை போய்த் திருப்பிறா. வாசுகி படியிலை தேத்தண்ணியோடை நிக்கிறாள். என்னைக் கண்டவள், ஆனால் ஒரு வாய் குடிச்சுப்போட்டுத் தாயையே பாத்தாள்.

நான் கத்தரிக்காய்ப் பையைப் படியிலை வைச்சுப்போட்டுப் புல்லுக்குள்ளை இறங்கினன். "பூரணம்! பூரணம், விடும், நான் வெட்டுறன்!" எண்டு கையைக் காட்டினன்.

அவ கண்டா. கம்பியை விட்டா. மெசின் உடனை நிண்டுது.

காதிலை கிடந்ததை எடுத்துக் கழுத்திலை விட்டா. கண்ணாடியைக் கழட்டேல்லை. என்னை நல்லாப் பாத்தா. மெலிஞ்சிருந்தவ எண்டு சொல்லலாமோ, இல்லை, நல்லாத்தான் இருந்தவ. அதுதான் எனக்கு என்னவோ போலை இருந்துது. சுகமோ எண்டு கேப்பா எண்டு நினைச்சன். அப்பிடி இல்லாட்டி நாலு பேச்சுப் பேசுவா, பேசட்டும், கேக்கத்தானே வந்தனான் எண்டு நிண்டன்.

"தள்ளி நில்லுங்கோ" எண்டா.

அவ்வளவுதான். கோவமாச் சொல்லேல்லை. பேத்திக்குச் சொல்லுறமாதிரிச் சொன்னா.

நான் ஒரு அடி பின்னுக்கு வந்தன்.

"இன்னும்."

புல்லாலை இறங்கிக் கார் விடுற இடத்திலை நிண்டன்.

"இன்னும் தள்ளி. கல்லு பறக்கும்."

நடைபாதைக்கு வந்தன். அவ கையாலை காட்டுறா, இன்னும் எண்டு. என்ன விளையாட்டோ எண்டு நினைச்சன். சரி, வெட்டி முடியுமட்டும்தானே, அவவின்ரை ஆசைக்கு நிக்கிறன் எண்டு றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போனன். அங்கை திரும்பி நிண்டு, இப்ப காணுமோ எண்டு கையை விரிச்சுக் கேட்டன். அவ அளவு பாக்கிறமாதிரி ஒருக்காப் பாத்தா. பிறகு தலையை ஆட்டினா, இப்ப சரி எண்டு. காதுக்கு அந்தக் கிண்ணத்தைப் போட்டா. கம்பியைப் பிடிச்சுக் கயிறை இழுத்தா. ஒரே இழுவையிலை மெசின் எழும்பிச்சுது. திரும்பிப் பாக்காமல் அடுத்த கோட்டைப் பிடிச்சுப் போறா.

நான் நிண்ட இடம் பஸ் நிக்கிற இடம் தம்பி. அது எனக்குத் தெரியாது. பஸ் வந்து எனக்கு முன்னாலை நிண்டு கதவைத் திறந்துது. மற்றப் பக்கத்தை மறைச்சுப்போட்டுது, அவவைத் தெரியேல்லை, மெசின் சத்தம் மட்டும் கேக்குது. டிரைவர் என்னைப் பாக்கிறான், ஏறுறீரோ இல்லையோ எண்டு. பின்னுக்குக் கார் ஹோர்ண் அடிக்குது.

நான் என்ன செய்யிறது? ஏறினன்.